பதிலாள் வேண்டாம், நானே வருகிறேன்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நாம் இருவரும் கத்துகிறோம், அதனால் எழுதுகிறேன்.

நம் கல்வி உதவிச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் இருபதாம் தேதி. நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. உதவி பெறும் பிள்ளைகள் இனி ஆண்டுக்கூட்ட மேடையில் ஏறி, தங்கள் வீட்டுக் கஷ்டத்தைத் தாங்களே சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து நன்கொடையாளர்களுக்கு அனுப்புவோம். வர மறுப்பவர்களுக்கு உதவி கிடையாது. கேட்க ஒரு மாதிரி இருக்கும்தான். ஆனால் நேரில் பார்த்தால்தான் மனசு இளகுகிறது அம்மா. போன வருடம் வசூல் படுத்துவிட்டது.

நீங்கள் பஸ்ஸில் அலைய வேண்டாம். பதிலாள் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள், உங்கள் ஓட்டை நானே போட்டுவிடுகிறேன். உங்கள் மருமகளிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தலைவராக இருக்கிற எனக்கே என் வீட்டு ஓட்டு இல்லை என்றால் ஊர் சிரிக்கும்.

அன்பு மகன்

மார்ச் 9

தலைவராகிவிட்ட என் மகனுக்கு,

தையல் மெஷின் மிதிக்கிற கால் பஸ் ஏறாதா? உன் படிவத்தின் பின்பக்கத்தில் ஒருவருடைய சட்டை அளவைக் குறித்துக்கொண்டேன். நல்ல தாள். நானே வருகிறேன்.

உன்னையும் இதே சங்கம்தான் படிக்க வைத்தது. அந்த நன்றிக்காகத்தான் நான் உறுப்பினரானேன். நீ ஏழாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை உன்னை மேடையில் ஏற்றி, "இந்த ஏழைத் தாயோட பையன்" என்று மைக்கில் சொன்னார்கள். எனக்கு வருமானம் குறைச்சல்தான், அதற்காக அது என் பெயரா? இறங்கி வந்து நீ என்ன சொன்னாய்? "அம்மா, என் கிளாஸ் பசங்க முன்னாடியே உக்காந்திருக்காங்க." நான் தைத்துக் கொடுத்த அந்தப் புதுச் சட்டையை நீ மறுபடி போடவே இல்லை. மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி இருக்கிறாயா?

பணம் வேண்டுமென்றால் கேள். உன்னோடு வீடு வீடாக நானும் ஏறி இறங்குகிறேன். பிள்ளைகளைக் காட்டிக் கேட்காதே.

எனக்கு மாடி அறை வேண்டாம், கீழேயே படுக்கை போடச் சொல்.

அம்மா

மார்ச் 22

அம்மா,

சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டாய். நீ செய்தது நியாயமா? எதிர்த்து ஓட்டுப் போடு, நான் தடுக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "பிள்ளைங்க பேசறதுக்கு முன்னாடி கமிட்டிக்காரங்க ஒவ்வொருத்தரா அவங்க வீட்டுக் கஷ்டத்தச் சொல்லட்டும், தலைவரே ஆரம்பிங்க" என்றாயே! சபை முழுக்கச் சிரித்தது. பொருளாளர் மூடின தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு வாயே வரவில்லை.

கைகளை எண்ணினால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவர் ஓட்டுதான் முடிவு, அது விதி. என் குழு கொண்டுவந்த தீர்மானத்தை நானே கவிழ்ப்பேனா? ஆதரித்துக் கை தூக்கினேன், நிறைவேறியது. அதில் தப்பில்லை.

"அம்மாகிட்டத் தோக்க இருந்தாரு, தப்பிச்சுட்டாரு" என்று என் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வரைக்கும் கேலி செய்கிறார்கள். பெற்ற பிள்ளையை இப்படி நிறுத்தலாமா?

மகன்

மார்ச் 27

என் ராஜாவுக்கு,

கோபத்தில் "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆமாம், நிறுத்தினேன். தெரிந்த முகங்களுக்கு முன்னால் கேட்ட ஒரு கேள்விக்கு, இத்தனை வயதில், இத்தனை படித்த உனக்கே வாய் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எப்படி வரும்? கை தூக்கும்போது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தோற்றதும் மூலையில் முடங்கிவிடுவேன் என்று நினைத்தாயா? பிள்ளைகள் மேடையேற அடுத்த ஆண்டுக்கூட்டம் வரை நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஜூனில் தலைவர் தேர்தல். உன்னை எதிர்த்து நான் நிற்கிறேன். மனுவைச் செயலாளருக்கு அனுப்பியாகிவிட்டது. அடுத்தவர் வாயால் நீ கேட்கக் கூடாதென்று நானே எழுதுகிறேன். யார் முன்மொழிந்தது என்று ஊரெல்லாம் விசாரிக்காதே. சாப்பாட்டு மேஜையில் உனக்கு எதிரே உட்காருகிறவள்தான். அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தேர்தலன்று உனக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகமாக இருந்தால் அலைய வேண்டாம். பதிலாள் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு, உன் ஓட்டை நானே போட்டுவிடுகிறேன்.

அம்மா