இடது கையின் தாளம்

7-3-1954, ஞாயிறு



ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், தேவாலயத்துப் பியானோவில் அம்மாவுக்காக நான் அமைத்த இசையை அவவுக்கே வாசித்துக் காட்டினேன். இடது கைக்கு, அரிசி கொழிக்கையில் அவ சுளகில் விரலால் தட்டும் தாளத்தை வைத்திருந்தேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது.

"நிப்பாட்டு மகன்! இது அம்மன் கோயில் உடுக்கடி. உனக்கு எப்பிடித் தெரியும்?"

கையை எடுத்துவிட்டேன்.

"நீங்க சுளகுல தட்டுறதுதானேம்மா?"

"நானா?" குரல் இறங்கியது. "குமரா இருக்கக்குள்ள பாண்டிருப்பு அம்மன் கோயில்ல தெய்வம் ஏறி ஆடின நான். என்னைக் கட்டின கொப்பாவுக்கும் தெரியாது. ஞானஸ்நானத்தோட எல்லாத்தையும் விட்டுட்டன்."

குனிந்து பார்த்தேன். பியானோ ஓய்ந்த பிறகும் அம்மாவின் பாதங்கள் அதே தாளத்தை மிதித்துக்கொண்டிருந்தன.