ஒரே கட்டிலில் இரண்டு ஷிப்ட்

ரஞ்சன்காவ், புனே

அப்பாவுக்கு ஜெகதீசன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எங்கள் லாட்ஜில் வாடகை குறைவதற்காக ஒரே கட்டிலை இரண்டு பேர் வைத்துக்கொள்வோம். எனக்குப் பகல் ஷிப்ட், ஒடிசாக்காரர் பிரமோத்துக்கு இரவு ஷிப்ட். நான் எழுந்து போனதும் அவர் வந்து படுப்பார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் திரும்பியபோதும் படுத்திருந்தார். எழுப்ப மனமில்லாமல் மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. மாரடைப்பாம்.

அவர் ஊர் விலாசம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. போனும் பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் அது அடித்தது, நான்தான் எடுத்தேன். ஒரு அம்மா ஒடியாவில் கலகலவென்று பேசிக்கொண்டே போனார்.

"அம்மா, பிரமோத் நஹி" என்றேன்.

"டியூட்டி?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. லாட்ஜ்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு போர்வை மட்டும் அனுப்புங்கள், பழையதே போதும். அப்புறம், என் போனிலிருந்து எப்போதாவது வேறு குரல் கேட்டால், ராங் நம்பர் என்று வைத்துவிடாதீர்கள். ஹிந்தி தெரிந்த ஸ்டெல்லா டீச்சரிடம் கொடுத்து, என்னவென்று கேட்கச் சொல்லுங்கள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

ஜெகதீசன்