ஸ்டெல்லாவின் இடது கன்னம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. ஆபீசுக்கு அரை நாள் லீவு, தோல் டாக்டரைப் பார்க்க. நந்தினியின் பிடிவாதம். "அம்மா, ரிட்டயர்மென்ட் போட்டோல இந்த மூஞ்சியோடவா நிப்ப?" என் மகள், வயது இருபத்தொன்பது, குர்கானில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இந்த நோட்டை மேஜைமேலேயே போட்டுவைக்கிறேன்.

மங்கு, இந்தக் கறுப்புத் திட்டு, அவள் பிறந்த வருடம் வந்தது. இரண்டு கன்னத்திலும். எத்தனையோ களிம்பு பார்த்தாயிற்று.

டாக்டர் சின்னப் பெண். பஞ்சாபி. சொன்னது, மறக்காமல் இருக்க:
— வைட்டமின் சி சீரம். காலையில் முகம் கழுவி, ஈரம் காய்ந்ததும் நாலு சொட்டு.
— அதன்மேல் கட்டாயம் சன்ஸ்கிரீன். அது இல்லாமல் இது வீண்.
— முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள்.
— பாட்டிலை இறுக மூடி இருட்டில் வைக்க. காபி நிறமானால் குப்பைக்கு.
— மூன்று மாதம் பொறுமை. மங்கு முழுக்கப் போகாது, வெளிறும்.

தோல் கறுப்பைச் சுரப்பதை இது மட்டுப்படுத்துமாம். வெயிலும் டெல்லிப் புகையும் தோலுக்குச் செய்கிற கெடுதலைக் கொஞ்சம் தடுக்குமாம். தொய்வுக்கும் நல்லதாம். "அப்படியானால் எலுமிச்சம்பழம்?" என்று கேட்டேன். சிரித்தாள். "ஆன்ட்டிஜி, அது சாலட்டுக்கு. முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்பளிக்கும், அப்புறம் கறுத்துப்போகும்."

தலையாட்டினேன். எனக்கு அது நாற்பத்திரண்டு வருடமாகத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

முதல் நாலு சொட்டு. பழைய நாணயத்தின் வாசனை. லேசான எரிச்சல், ஒரு நிமிடம். நந்தினி வாசலில் ஷூ போட்டபடி, "சன்ஸ்கிரீன் போட்டாச்சா? ஜல்தி, ஜல்தி." கேப் வந்துவிட்டதாம்.

அந்த எரிச்சலில் மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது. நாள் முழுக்கப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ். எங்களுக்குக் கீழ்வீடு, ஸ்டெல்லா குடும்பத்துக்கு மேல்வீடு. நாங்கள் திருநெல்வேலி, அவர்கள் நாகர்கோவில். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ், ஒரே பெஞ்ச். மே மாதம் வந்தால் எல்லா ஜன்னலிலும் கூலர், ஈரமான வெட்டிவேர் வாசனை. நாவல் மரத்தடியில் குல்ஃபிக்காரன் மணி. நான் ஹிந்தியில் தப்பாகப் பேரம் பேசுவேன், அவள் திருத்துவாள். குல்ஃபி உருகும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மே. ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. மாப்பிள்ளைக்கு விமானப்படையில் வேலை. அம்பாலாவிலிருந்து தாயோடு ஞாயிறன்று வருகிறார். அவளுக்குக் கல்யாணத்தில் மனசில்லை, ஆனாலும் "கறுப்பா இருக்கேன்னு சொல்லிருவாங்களோ" என்று பயம். ஏதோ பத்திரிகையில் நான் படித்திருந்தேன்: எலுமிச்சையில் வைட்டமின் சி, முகம் பளபளக்கும். நான்தான் பழம் நறுக்கினேன். நான்தான் தடவினேன். வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் பிடிக்கும் என்று சொன்னதும் நான்தான். அது பத்திரிகையில்கூட இல்லை.

மாடியில் கயிற்றுக் கட்டில். இரண்டு பேரும் படுத்தோம். அம்மா கீழிருந்து என்னைப் பால் பூத்துக்குப் போகக் கூப்பிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். வரிசை நீளம். திரும்பி வரும்போது ஸ்டெல்லா வெயிலில் தூங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் இடது கன்னத்தில் கொப்பளம். அது அடங்கியதும், சாறு வழிந்த தடத்திலேயே தாடைவரை ஒரு கறுப்புக் கோடு. ஞாயிறன்று மாப்பிள்ளையின் தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். டீ குடித்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை.

அவள் அம்மா எங்கள் முன்னாலேயே கேட்டாள். "யாரு சொல்லித்தந்தா ஒனக்கு இதை?"

"நானேதான் போட்டேன்" என்றாள் ஸ்டெல்லா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதத்தில் அவள் அப்பாவுக்கு நாகர்கோவிலுக்கே மாற்றல்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. பால்கனியில் ரஜாயை, குளிர்காலப் பஞ்சுப் போர்வையை, காயப்போட்டேன். சீரம் ஆறு முறை ஆயிற்று. மாற்றம் எதுவும் தெரியவில்லை. நந்தினிக்குத் தெரிகிறதாம். "அச்சா லக் ரஹா ஹை, அம்மா." நன்றாக இருக்கிறதாம். கண்ணாடி போடாமல் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மத்தியானம் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி: "நான் ஸ்டெல்லா. மாசக் கடைசியில டெல்லி வாரேன். செல்வி இதுல இருக்காளா?"

அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பார் அடிப்பிடித்தது.

இன்னொன்றும் எழுதவேண்டும். ஊருக்குப் போனபின் அவள் எனக்கு இரண்டு கடிதம் போட்டாள். நீல இன்லண்ட். ஒன்றையும் பிரிக்கவில்லை. திட்டியிருப்பாள் என்று பயம். திட்டாமல் இருந்தால் அதைவிடப் பயம். பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன், வீடு மாற்றியதில் புத்தகத்தோடு போயிற்று.

"இருக்கேன்" என்று மட்டும் பதில் போட்டேன்.

பிப்ரவரி 28, சனி

சாணக்யபுரி. சாலையோரமெல்லாம் பூ. ஸ்டெல்லாவோடு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பதினான்கு பேராகச் சுற்றுலா வந்திருக்கிறார்கள், விருந்தினர் இல்லத்தில் தங்கல். கேன்டீனில் காத்திருந்தேன். கையில் பால்கோவா டப்பா. என்ன புடவை கட்டுவது என்று காலையில் ஒரு மணி நேரம்.

அவள் வந்ததும் நான் முதலில் பார்த்தது இடது கன்னத்தை. ஒன்றுமில்லை. சுத்தமான கன்னம். வயசுக்கான சுருக்கம், அவ்வளவுதான்.

"என்னட்டி, கன்னத்தையே பாக்குத? அது அந்தக் கிறிஸ்மசுக்குள்ளயே போயிட்டு."

எதுவும் போடாமலா என்று கேட்டேன்.

"என்னத்தப் போட? வெயில்ல போகாம இருந்தேன், தானா போச்சு." முப்பது வருடம் வேதியியல் டீச்சர். "பிளஸ் டூ லேப்ல வருசா வருசம் எலுமிச்சஞ்சாற வச்சுதான் வைட்டமின் சி அளப்போம். அப்பல்லாம் ஒன் ஞாபகம் வரும். பிள்ளைகள்ட்ட சொல்லுவேன், இத மூஞ்சில தேய்ச்சிட்டு வெயில்ல நிக்காதீங்கட்டின்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன். என் முகத்துக்கு என்ன போடுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். பாட்டில் ஏன் பழுப்பாகிறது என்று விளக்கினாள்: காற்றுப் பட்டால் வைட்டமின் சி கெடும், நறுக்கிவைத்த ஆப்பிள் மாதிரி.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனது நல்லதாப் போச்சு செல்வி. அதுக்கு ஒன்ன நான் ஒரு நாளும் திட்டல்ல. ஆனா லெட்டருக்கு ஏன் பதில் போடல்ல?"

பிரிக்கவே இல்லை என்று சொன்னேன். பொய் எதுவும் தோன்றவில்லை.

பக்கத்து மேசையில் அவள் தோழிகள் குதுப்மினாருக்கு எப்போது கிளம்புவது என்று வாதம்.

"ரெண்டாவது லெட்டர்ல கேட்டிருந்தேன்" என்றாள். "எங்கப்பா டெல்லியில படிக்க விடுதேன்னு சொல்லிட்டாங்க, ஆனா தெரிஞ்ச வீட்டுல தங்கணும்னாங்க. ஒங்க வீட்டுல தங்கிக்கிடவா, ஒங்கம்மாட்ட கேட்டுச் சொல்லுன்னு எழுதியிருந்தேன். ஜூலை முடியுற வரைக்கும் தபால்காரரப் பாத்துக்கிட்டு நின்னேன்."

அம்மா மறுபேச்சு இல்லாமல் சரி என்றிருப்பாள். எங்கள் வீட்டில் வெளி வராந்தாவில் ஒரு கட்டில் சும்மாதான் கிடந்தது.

"மன்னிச்சிருட்டி."

"ஊர்லயே படிச்சேன். நல்லாத்தான் இருக்கேன்." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். "ஆனாலும் கேக்கணும்னு இருந்துது."

பால்கோவாவைப் பிரிக்கவில்லை. நாளை குவார்ட்டர்ஸைக் காட்டச் சொன்னாள். வருவாளா தெரியாது.

மார்ச் 1, ஞாயிறு

வந்தாள். மெட்ரோ வாசலில் பத்து நிமிடம் முன்னாலேயே நின்றிருந்தாள்.

குவார்ட்டர்ஸ் இல்லை. தகரத் தடுப்பு, உள்ளே உயர உயரமான கட்டடம். எங்கள் பிளாக் எது என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினோம். காவலாளியிடம் அவள் ஹிந்தியில் கேட்டாள். நாற்பத்திரண்டு வருடத்தில் துருவேறிய ஹிந்தி. இலக்கணத்தை நான் திருத்தினேன். "இப்ப நீ திருத்துதியா?" என்றாள். முதல்முறையாக முழுசாகச் சிரித்தாள்.

மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். "தேக்கோ தீதி, தேக்கோ!" என்று கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். பேத்திக்கு இரண்டு ஃபிராக் வாங்கினாள். நடந்து கால் வலி. ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து சோளம் தின்றோம். சோளக்காரன் எலுமிச்சை தேய்த்துக் கொடுத்தான். தின்றதும் கையைக் கழுவச் சொன்னாள், வெயில் இருக்கிறது என்று. டீச்சர்.

அப்போது கேட்டேன். மற்றவர்கள் நாளை ஆக்ரா போகிறார்கள். "நீ ஏற்கெனவே பாத்திருக்கேல்லா. எங்க வீட்டுக்கு வா. வெள்ளி வரை தங்கு."

அவள் சோளத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்கம்மாட்ட கேட்டியா?"

அம்மா போய்ப் பதினோரு வருடம். அவளுக்கும் தெரியும். அப்புறம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தேன்.

"கேக்க வேண்டாம்" என்றேன். "எப்பவும் சரின்னுதான் சொல்லுவா."

மார்ச் 2, திங்கள்

இதமான காலை. லீவு போட்டாயிற்று. கன்னத்தில் மங்கு அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் மங்கல், இல்லை என் நினைப்பு. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதம்.

ஸ்டெல்லாவின் பை நந்தினியின் கட்டிலில். ராத்திரி நந்தினி ஹாலில் படுத்துக்கொண்டாள், முணுமுணுக்கவில்லை. இருவரும் காலை டீயில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆன்ட்டி, அம்மா ஸ்கூல்ல எப்படி?" "பயந்தாங்கொள்ளி." நான் சமையலறையில் நின்று கேட்டேன். சரிதான்.

வாங்க: இட்லி ரவை, தேங்காய், மல்லி. நாலு மணிக்கு லோதி தோட்டம். ஹோலி நாளை மறுநாள், கலர் பூசாமல் தப்பிக்க வழி பார்க்கவேண்டும், இரண்டு பேருக்கும்

"செல்வீ, டவல எங்கட்டி வச்சிருக்க?"

போகிறேன்.