கடையில் நான் முனகிய பாட்டு

வெள்ளி, இரவு.

புதுச் சங்கீதம் வாசிக்கிற ஓர்க்கெஸ்ட்ராவை விடப்போவதாக மகள் போன கிழமை சொன்னாள். வீட்டிலேயே அவளுடைய கிளாரினெட்டை ஒருத்தரும் கேட்பதில்லையாம். நான் கேட்கிறேன் என்று பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை.

இன்று நான் வேலை செய்யும் லா சப்பல் கடையில் கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கிட்ட வந்தார். "என்ன அண்ணை, பல்லுக்கொதியோ? அப்பிடி முனகிறியள்."

பின்னால் மகள் நின்றிருக்கிறாள், என்னைக் கூட்டிப்போக வந்தவள். "அப்பா, அது நான் வாசிக்கிறதெல்லோ. கடைசியிலை இன்னும் மேலை போகோணும்."

அவள் அறைக்குள் மாதக்கணக்காகக் கீச்சிட்டது எனக்கே தெரியாமல் என் வாய்க்குள் குடியேறிவிட்டது.

ஓர்க்கெஸ்ட்ராவை விடுகிற கதையை அவள் பிறகு எடுக்கவில்லை. ரயிலில் நாங்கள் இறங்கும் சார்செல் வரும்வரை அந்தக் கடைசித் துண்டை எனக்குப் பழக்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.