கொடிக்கம்பில் ஒரு புது ஆணி

ஓபர்லாட்டன்பாக்,
ஆகஸ்ட் 1986

அன்பு மகன் வைட்டுக்கும் மருமகள் ராக்னாவுக்கும் அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் இங்கே நலம் என்று எப்போதும்போல ஆரம்பிக்கத்தான் சொன்னேன். உன் தங்கை ட்ரூடெ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியே பொய்யா இருந்தா மிச்சத்தை அவன் எப்படி நம்புவான் என்கிறாள். ஆகையால் உள்ளதைச் சொல்கிறேன், மூச்சு விடுகிறோம், சாப்பிடுகிறோம், வேளாவேளைக்கு மாடு கறக்கிறோம். நீங்கள் இருவரும் அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே, தொழுவத்துப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், நான் சொல்லச் சொல்ல ட்ரூடெ எழுதுகிறாள். பதினாறு வயது முடிந்தும் வாய் மட்டும் வளர்கிறது, ஒரு வரி சொன்னால் இரண்டு வரி எழுதுகிறாள், அடைப்புக்குறிக்குள் ஏதாவது கண்டால் அது நான் சொன்னதல்ல. (அண்ணா, அம்மாவின் மாவுக்கட்டில் நான் ஒரு பசுமாடு வரைந்தேன். அதைப் பார்த்த டாக்டர், உங்க குன்ட்ராம் சித்தப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கியே என்று பாராட்டினார்.)

ஏப்ரலில் உன் தந்தி வந்ததிலிருந்து நீ தொலைபேசியை எடுப்பதே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் இங்கே காதில் வைத்துக்கொண்டே இருக்கிறேன், அங்கே உன் வீட்டில் அந்தச் சத்தமாவது கேட்கட்டும் என்று உடனே வைப்பதில்லை. நான் பின்னி அனுப்பிய மஞ்சள் குல்லாய் உங்கள் பிள்ளை போன பிறகுதான் வந்து சேர்ந்தது, அதை அவள் தலையில் போட்டே அனுப்பினோம் என்று ராக்னா எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ. அளவு சரியாக இருந்ததா என்று கேட்க வாய் வருகிறது, எந்தப் பைத்தியக்காரி இதைக் கேட்பாள், ஆனாலும் கேட்கிறேன், காதை மூடும்படி இருந்ததா? உங்கள் ஊர்க் காற்று பொல்லாதது என்று நீதானே சொல்வாய். அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தாள் என்று போட்டோ அனுப்பியிருந்தாய், இரண்டு பக்கமும் தலையணை வைத்து, நடுவில் ஒரு குட்டி நீதிபதி மாதிரி. அந்தப் போட்டோ சமையலறை மேசையின் இழுப்பறையில் கரண்டிகளோடு இருக்கிறது. சுவரில் மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை, காரணம் உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை ராக்னாவுக்கும் படித்துச் சொல், அதனால் நம் குடும்ப நாளைப் பற்றி அவளுக்குப் புரியும்படியே சொல்கிறேன். ராக்னா கண்ணு, ஷ்டில்நாகல் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கெங்கிருந்தோ இந்த ஊருக்கு வந்து கூடுவார்கள். எங்கள் சங்கத்துக்கு ஒரு கொடி, அந்தக் கொடிக்கு ஓர் ஓக் மரக் கம்பு, அந்தக் கம்பு முழுக்கப் பெயர் வெட்டிய பித்தளை ஆணிகள். உச்சியில் பேர் வாங்கியவர்கள். கோயிலுக்கு ஆர்கன் வாத்தியம் செய்த யோஹிம், ஏதோ ஓர் இளவரசரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் எர்ட்மான், ஒரு கை நீளத்தில் பதக்கத்தைக் கோட்டைவிட்ட நீச்சல்காரி லியோனி, துருவத்துக்குப் போன கப்பலில் சமையல்காரராக இருந்து, அடுப்படியைவிட்டு வெளியே வராததால் பனிக்கட்டியையே பார்க்காமல் திரும்பி வந்த புர்க்ஹார்ட். (பல்லைப் பிடுங்கியவருக்கு ஆணி அடித்திருக்கிறோம், எங்கள் குடும்பத்தில் கணக்கு நேராகிவிடும்.) அவர்களுக்குக் கீழே மற்றவர்கள், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வருஷக் குடும்ப நாளில் ஓர் ஆணி. கம்பை இரண்டு நாற்காலிமேல் படுக்கவைத்து, சங்கத் தலைவர் உச்சியிலிருந்து விரல் வைத்துப் பெயர் பெயராகப் படிப்பார். உயிரோடு இருப்பவர் தன் பெயருக்கு “இங்கே” என்று சொல்ல வேண்டும், செத்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அவரவர் வீட்டார் சொல்ல வேண்டும். வைட் அங்கே உங்கள் தீவுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு நான்தான் சொல்கிறேன். தலைவர் உன் மாமனார், பிறந்தநாள் வாழ்த்து அட்டையில்கூட “ஆன்செல்ம் ஷ்டில்நாகல், தலைவர்” என்று கையெழுத்துப் போடுகிற மனிதர்.

மிச்சம் வைட்டுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்ததும், அதன் பெயர் சோல்வெய்க் வைட்ஸ்தோத்திர், ராக்னாவின் நாட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பன் பெயரோடு மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள் என்று நீ எழுதினாய். உன் அப்பா அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் உனக்குத் தொலைபேசி போட்டார், பேரைச் சுமக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஆணின்னு சங்க விதி இருக்கு, எங்க கம்புல அந்தப் புள்ளைக்கு இடம் கிடையாது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், கையைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை. நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். அந்த வீம்பிலேயே குளிர்காலம் போயிற்று, அதற்கப்புறம் தந்தி வந்தது. அன்றைக்கு அவர் தொழுவத்துக்குப் போனவர் மாடு கத்தும்வரை வெளியே வரவில்லை. புறப்படுங்கள், நாம் போகலாம் என்றேன். அவன் கூப்பிடலையே என்றார். நீ கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை, பிள்ளையை நீங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாகக் கொண்டுபோய் வைத்தீர்கள்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மைதானத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள், வெங்காய அடையும் உருளைக்கிழங்கு சாலடும் எப்போதும்போல, பீர் பீப்பாய் மட்டும் எப்போதையும்விட ஒன்று கூட. காலையில் எல்லாரும் கோயிலுக்குப் போனபோது, நான் வரலை, கிழங்கு உரிக்கிறேன் என்று ட்ரூடெ சொன்னாள். வேலையைத் தானாகக் கேட்டு வாங்குகிறாளே என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். போன வருஷம் இவள் செய்த கூத்தை எழுதியிருந்தேன் இல்லையா, நம் குடும்பத்துக் குதிரைத் திருடன் கஸ்பாருக்கு ஓர் ஆணி வெட்டி டாக்டருக்குப் பக்கத்தில் அடித்துவைத்து, அப்பாவும் வேகத்தில் அதைப் படித்துவிட்டு, கூட்டமே ஒரே குரலில் “இங்கே” என்று கத்தி, அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. (கஸ்பார்தான் நம்மில் உண்மையாகப் பேர் வாங்கியவர். மூன்று ஊரில் தேடினார்கள். ஆர்கன்காரரை யார் தேடினார்கள்?) அதிலிருந்து கம்பைப் பூட்டித்தான் வைக்கிறார், சாவி அவர் கோட்டுப் பையில். அந்தக் கோட்டைத் தேய்த்துக் கொடுப்பது யார் என்று அவர் யோசிக்கவில்லை.

பிற்பகலில் படிக்க ஆரம்பித்தார். உச்சியிலிருந்து இறங்கி இறங்கி நம் வீட்டு வரிசைக்கு வந்தார். “வைட் ஷ்டில்நாகல்” என்றார், என்னைப் பார்க்காமல்தான் சொன்னார், நான் “இங்கே” என்றேன். அடுத்தது அவருடைய சொந்த ஆணி, ஆனால் விரல் நடுவிலேயே நின்றுவிட்டது. உனக்கும் அவருக்கும் இடையில் பளபளவென்று ஒரு புது ஆணி. கூட்டம் அதைக் கண்டுகொண்டு சிரிக்க ஆரம்பித்தது. யாரோ, அடுத்த திருடன் வந்துட்டான்டா என்று கத்தினார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே, ட்ரூடெ, இந்தத் தடவை எவனைக் கூட்டிட்டு வந்திருக்கே, வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு என்றார், அதற்கும் சிரித்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பெரிய குரலிலேயே படித்தார். “சோல்வெய்க்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த இரண்டாவது பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டி, “வைட்ஸ்... தோத்திர்” என்றார். தப்புத் தப்பாகத்தான் சொன்னார், ஆனால் அங்கே இருந்த ஒருவருக்கும் அதன் அர்த்தத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. வைட்டின் மகள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால்வரை அணைந்து போயிற்று.

யாராவது “இங்கே” சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தேன் வைட், காற்றுதான் வந்தது. வாழ்நாளில் வாயை மூடாத ட்ரூடெ, கிழங்குத் தோல் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். (சொல்லத்தான் வந்தேன் அண்ணா. ஒத்திகைகூட பார்த்திருந்தேன்.) அவர் இன்னொரு தடவை அந்தப் பெயரைப் படித்தார். அப்புறம் அவரே, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில், “இங்கே” என்றார். தலைவர் கம்பைப் படிப்பாரே தவிர இன்னொருவருக்காகப் பதில் சொன்னது இதுவரை நடந்ததில்லை.

உன் குன்ட்ராம் சித்தப்பாவை உனக்குத் தெரியும், சங்கச் செயலாளர், விதி என்றால் சோற்றையும் மறப்பவர். அண்ணே, மனசு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே, நம்ம பேரு அந்தப் புள்ளைக்குக் கிடையாதே, இன்னைக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு அடிப்பாங்க, அதைப் பிடுங்கிருங்க என்று சொல்லி, ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து நீட்டினார். உன் அப்பா அதை வாங்கினார். நான் எழுந்துவிட்டேன், அந்த ஆணியில் குறடு பட்டிருந்தால் அன்றோடு நான் அந்த வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டேன், இது சத்தியம். அவர் குனிந்தார், குறட்டால் அழுத்திப் பிடித்தார், இழுத்தார். அவருடைய ஆணி. தன் பெயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கம்புல இடம்தானே பிரச்சினை, இப்ப இருக்கு, அவளை யாராவது தொட்டா மிச்ச ஆணியையும் நானே பிடுங்குவேன், டாக்டர்லேர்ந்து ஆரம்பிச்சு என்றார். குறட்டைச் சித்தப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். சித்தப்பா அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாலட் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். (அப்பா குடும்பத்துக்கு ஆணிவேர், சித்தப்பா வெறும் ஆணி.) விதிப்படி, ஆணி இல்லாதவர் தலைவராக இருக்க முடியாது. உன் அப்பா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வா ஹெட்விக், மாடு கறக்கணும் என்று வீட்டுக்கு நடந்தார். கறக்கிற நேரமே ஆகவில்லை.

அன்றிலிருந்து போட்டோ சுவரில் இருக்கிறது, அவரேதான் மாட்டினார், கொஞ்சம் கோணலாக. ட்ரூடெயை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இவளுக்குப் பயமாக இருக்கிறதாம். தொழுவத்தில் பால் கறக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. மன்னிப்புக் கேள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அந்த வார்த்தை அவர் வாயில் நுழையாது, உனக்கும் தெரியும். மன்னித்துவிடு என்று உன்னிடமும் சொல்ல மாட்டேன், அது உன்னுடையது, நீ கொடுத்தாலும் கொடு, வைத்திருந்தாலும் வைத்திரு. தொலைபேசியை மட்டும் ஒரு தடவை எடு. எடுத்து ஒன்றும் பேச வேண்டாம், அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி ஒரு தடவை சொல்லிவிட்டு வை. அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

ராக்னாவைத் தனியாக விடாதே, குதிரை மேய்க்கிற வேலையாக மலைக்குப் போனால் அவளையும் கூட்டிப்போ. பால் கட்டி வலித்ததா, யாராவது பார்த்துக்கொண்டார்களா என்று கேட்க எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது, அவளிடம் அதையும் சொல். கம்பளி உள்சட்டை இல்லாமல் வெளியே போகாதே. உங்கள் இருவர் தலைமேலும் ஆண்டவர் கை இருக்கட்டும், அந்தச் சின்னத் தலைமேலும்.

உறைக்குள் துணியில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. உன் அப்பாவின் ஆணி. அவள் தலைமாட்டில் வெள்ளைச் சிலுவை நட்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அதில் அவள் பெயருக்குக் கீழே இதை அடித்துவிடச் சொன்னார், நம்ம ஆளு ஒருத்தன் பக்கத்துல இருக்கட்டும், தெரியாத ஊரு என்றார். மெதுவாக அடிக்கச் சொன்னார், தூங்குகிற பிள்ளையாம்.

இப்படிக்கு,
உன் அம்மா ஹெட்விக்
(இடது கையால் அம்மாவே போட்டது. கோழி கிளறியதல்ல.)

(அண்ணா, மூடப்போன கடிதத்தை அப்பா வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, இதை மட்டும் எழுதிக் கொடுத்தார்.)

வைட்டின் அப்பா