அசனத்துக்குப் போன ஒரு கூடை சீலா

இன்று காலை சீலா மீன் கூடையைத் திறந்ததும் அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவள், மீன் கடைக்குப் பங்காளியாக வந்தாயே, நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நீ சாயர்புரத்தில் பி.காம். படித்தவள், நான் கடற்கரைக்காரி. மீன் என் பொறுப்பு, கணக்கு உன் பொறுப்பு என்று பேசித்தான் வாடகைக்குக் கடை பிடித்தோம்.

கடை வேறு, நாம் வேறு என்பது உன் முதல் சட்டம். வீட்டுக் குழம்புக்கு மீன் எடுத்தாலும் இரண்டு இடத்தில் எழுத வைப்பாய். கடைச் சரக்கில் குறைந்தது ஓர் இடம், சொந்தத்துக்கு எடுப்பதை எழுதும் என் எடுப்புக் கணக்கில் ஏறியது இன்னோர் இடம். இதுதான் இரட்டைப் பதிவு, ஓர் இடத்தை விட்டுப் போனது இன்னோர் இடத்தில் சேர்ந்தாக வேண்டும் என்பாய். என் கடை மீனை நான் தின்ன இத்தனை எழுத்தா என்று உன்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் கட்டடக்காரர் கடையை விற்கப்போவதாகச் சொன்னார். நாம் வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டும். கடன் கேட்டுப் போன வங்கியில் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. சின்ன வித்தியாசம்தானே, தள்ளிவிடு என்றேன். நீ விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மாதா கோயில் திருவிழா நாளில் வந்து நின்றாய். அன்று கோயிலில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டுக்கு ஒரு கூடை சீலா கொடுத்திருந்தேன். சரக்கில் கழித்தவள் மறுபக்கம் எழுதவில்லை. மாதாவுக்குக் கொடுத்ததற்கு எங்கள் வீட்டில் யாரும் கணக்கு எழுத மாட்டார்கள்.

நீ பேனாவை என் கையில் கொடுத்தாய். "கடை கும்பிடாது, ஏளா. நீதான் கும்பிடுத. உன் எடுப்புல எழுது."

எழுதினேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. கடனும் கிடைத்தது. ஆனால் பத்திரம் பதிவதற்குள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நேற்று பத்திரம் பதிந்தாயிற்று. உன் பங்குக்கு உன் மகள் கையெழுத்துப் போட்டாள். ஜெயித்துவிட்டோம், தெரியுமா? காலி செய்யச் சொன்ன மனுஷரே சாயங்காலம் மீன் வாங்க வந்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை நான்.

இன்று திறந்த கூடையை அப்படியே மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சரக்கில் குறைத்தேன், என் எடுப்பில் ஏற்றினேன், விவரம் எழுதும் இடத்தில் உன் பெயரை எழுதினேன். கடை கும்பிடாது. நான் கும்பிட்டேன்.