கை வைக்கக் கூடாத பாதி

அன்பு மகன் ஒபுராவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு மாடு கிடாரி போட்டது. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நல்ல சேதி இவ்வளவுதான் மகனே, மிச்சத்தை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் அடுத்தவர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சர்ச்சுப் பாதையோரம் இருக்கும் நம் மக்காச்சோளக் காட்டை விவசாய ஆபீஸ் நெரிமா பரிசோதனைக்குக் கேட்டாள். ஒரு பாதியில் பயிருக்கு நடுவே புதுத் தீவனக் கொடி, பயிரின் வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களையை அது தலையெடுக்க விடாதாம். மறுபாதியில் கொடி கிடையாது. "அம்மா, அந்தப் பாதியில எரு போடாதீங்க, சுடுமல்லி வந்தாலும் கை வைக்காதீங்க, கெட்டா கெடட்டும், அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த மழைக்கு ஊருக்கே கொடி விதை கொடுப்பதாக ஏற்பாடு. பக்கத்துக் காட்டு ரிஸ்பா அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள், மூன்று வருடமாக அவள் காட்டில் சுடுமல்லியைத் தவிர ஒன்றும் நிமிரவில்லை.

களை எட்டிப் பார்த்ததுமே அந்தப் பாதிப் பயிர் வெளிறிப் போயிற்று. சர்ச்சுப் பாட்டுக்குழுப் பெண்கள், "என்ன டோர்சிலா, மகன் கத்தார் போறப்ப மம்பட்டியையும் சேத்து அனுப்பிட்டியா?" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். உனக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் அந்தப் பாதையில் வரப்போகிறார்கள் என்றதும்தான் என் புத்தி கெட்டது. மாமியாராகப் போகிறவளின் காடு இந்த லட்சணமா என்று பெண்ணின் தாய் நினைப்பாளே. ஊர் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து எரு போட்டேன், களையைப் பிடுங்கினேன், அப்புறம் வாராவாரம் பிடுங்கினேன். அவர்களும் வந்து, பயிரைப் பார்த்து மெச்சிவிட்டுத்தான் போனார்கள்.

அறுவடையன்று இரண்டு பாதியும் ஒரே எடை நின்றது. நெரிமா தராசைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மண்ணுக்குக் கொடி பிடிக்கவில்லை, விதை வராது என்று கூட்டத்தில் சொன்னாள். ரிஸ்பாவின் முகத்தைப் பார்த்தேன், அதற்குமேல் தாங்கவில்லை, எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நெரிமா நோட்டை மூடினாள். "இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? இந்தக் காட்டு எடையே இனிச் செல்லாது. மறுபடி செஞ்சு பாக்கலாம்னா திட்டம் இந்த வருஷத்தோட முடியுது" என்றாள். உன் அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

மறுநாள் ரிஸ்பா வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று, "பாதிக் காடு பட்டுப்போறத ஒரு போகம் பாக்க முடியல உனக்கு. என் காடு முழுசும் அப்படித்தானே கெடக்கு, தெனமும் பாத்துக்கிட்டுத்தானே போன?" என்றாள். திங்கட்கிழமை காட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கே போகிறாளாம்.

வேளைக்குச் சாப்பிடு, கோபக்காரர்களோடு வாய் கொடுக்காதே, ஆண்டவர் உன்னைக் கண்போல் காக்கட்டும். இதை மட்டும் மறந்துவிடாதே, நெரிமாவுக்கு நீ ஒரு கடிதம் எழுது. எப்படியாவது நம் காட்டை இன்னொரு போகத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல். யார் பெண் கொடுக்க வந்தாலும் சரி, வந்தவர்கள் திரும்பிப் போனாலும் சரி, முழுக் காட்டையும் கெடவிடச் சொன்னாலும் விடுகிறேன் என்று என் பெயரில் எழுது.

உன் பாவப்பட்ட அம்மா,
டோர்சிலா